கிளிக்கு ஒரு சக்களத்தி

மூன்று நாற்காலிகள். வேறொன்றும் இல்லை. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருபத்திரண்டு வக்கீல்களின் முன்னால், அந்த மூன்று நாற்காலிகள்தான் பட்டாசின் மானத்தை வாங்கின.

பட்டாசு என்பது கோர்ட்டு அவளுக்கு வைத்த பெயர். குறுக்கு விசாரணையில் எப்போது வெடிப்பாள், எங்கே வெடிப்பாள் என்று எதிராளிக்குத் தெரியாது. இலவச சட்ட உதவி மையத்தில் பதினோரு வருடமாகப் புருஷனிடம் அடிவாங்கிய பெண்களுக்காக மட்டுமே வழக்காடிக்கொண்டிருப்பவள். அவளுக்குப் போய் ஒரு பயிற்சி வகுப்பு! நம் மொழி தெரியாத கட்சிக்காரியோடு, மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று ஒரு நாள் பாடம். மேலிடத்து உத்தரவு, வராதவர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அதுகூடப் பரவாயில்லை. பாடம் நடத்துவது யார்? கிளி!

கிளிக்கு இருபத்தேழு வயது. ஒல்லி உடம்பு, நாலு மொழி. அவள் முதன்முதலில் மையத்துக்கு வந்த அன்று, "நமக்கு எதுக்கு இவளோட பேச்சு? சொன்னதைச் சொல்ற கிளிப்பிள்ளைதானே" என்று மட்டம் தட்டியவள் பட்டாசுதான். விதியைப் பாருங்கள், மட்டம் தட்ட வைத்த பெயர் ஒரே மாதத்தில் செல்லப் பெயராகிவிட்டது. கிளி வந்தாச்சா, கிளிக்கு டீ குடுத்தீங்களா என்று மையமே அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க வாங்க. உங்க அனுபவம் எல்லாருக்கும் உதவும்" என்று கிளி சிரித்தபடி கூப்பிட்டாள்.

யாருக்கு யார் அக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டாசு எழுந்தாள்.

அடிபட்ட பெண்ணாக நடிக்க, எல்லோரும் 'மாமா' என்று கூப்பிடும் வழுக்கைத் தலை வக்கீல் உட்கார்ந்தார். அவருடைய தாய்மொழி பட்டாசுக்குத் தெரியாது, கிளிக்குத் தெரியும். ஆகவே ஒத்திகைக்கு அவர்தான் தோது.

பட்டாசு ஆரம்பித்தாள். "எப்ப அடிச்சான்னு அவங்ககிட்ட கேளு."

"ஒரு நிமிஷம் அக்கா." கிளி கையைத் தூக்கினாள். "நீங்க என்கிட்ட பேசறீங்க. அவங்க எதிர்லயே இருக்காங்க. அவங்க முகத்தைப் பாத்து, 'உங்களை எப்ப அடிச்சார்'னு கேளுங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"நீ இல்லைன்னு நினைக்கத்தான் எனக்கும் ஆசை."

கூடம் சிரித்தது. பட்டாசுக்கு ஒரு நொடி குளிர்ந்தது. ஆனால் கிளியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாளே! அதுதான் எரிந்தது.

பத்து நிமிட ஒத்திகை முடிந்ததும் கிளி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அக்கா, என்னை முப்பத்தொரு தடவை பாத்தீங்க. கட்சிக்காரரை நாலு தடவை."

"அந்த நாலு தடவையும் என் வழுக்கையைத்தான் பாத்தா" என்றார் மாமா.

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பட்டாசு நாற்காலிக்குத் திரும்பியபோது காது இரண்டும் சுட்டன. கிளி எல்லோருக்கும் கொடுத்த தாள் மடியில் கிடந்தது. 'உட்காருவதற்கு முன் கேட்க வேண்டியவை' என்று முதல் பக்கத்தில் தலைப்பு. கட்சிக்காரியைத் தனியாகவும் மொழிபெயர்ப்பாளரைத் தனியாகவும் கேளுங்கள்: இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா? ஆண் வந்தால் பரவாயில்லையா, பெண்தான் வேண்டுமா? பட்டாசு அதைப் படிக்கவில்லை. அதன்மேல் அலகில் பூட்டுப் போட்ட ஒரு கிளியை வரைந்துகொண்டிருந்தாள்.

உண்மையில் அவளை அரித்தது வகுப்பு அல்ல. தையல்காரம்மா.

தையல்காரம்மா அவளுடைய கட்சிக்காரி. துணி ஆலையில் தைப்பவள். இடது மணிக்கட்டு இரண்டு முறை முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது. ஆறு வாரத்துக்கு முன் இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டு ஓடிவந்து, ஒரு காப்பகத்தில் ரகசியமாகத் தங்கியிருக்கிறாள். புருஷன் அவளையும் பிள்ளைகளையும் நெருங்கக் கூடாது என்று பட்டாசு வாங்கிக் கொடுத்த தற்காலிகத் தடை திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு நீதிபதி அதை நிரந்தரமாக்கினால் வீடும் பிள்ளைகளும் அவளுக்கு. ஆக்காவிட்டால் பிள்ளைகள் அவனோடு. அவ்வளவுதான் வழக்கு.

ஐந்து முறை சந்தித்தாகிவிட்டது. ஐந்து முறையும் கதவைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்வது கிளியைப் பார்த்துத்தான். அழுவது கிளியைப் பார்த்து. விரலால் காற்றில் வீட்டின் வரைபடம் போட்டுக் காட்டுவது கிளிக்கு. ராத்திரி பகலாக மனு எழுதிய பட்டாசு ஏழாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள், கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருப்பவளைப் போல.

ஐந்தாவது சந்திப்பில் தையல்காரம்மா பையிலிருந்து, மூக்குக் கண்ணாடி வைக்கும் ஒரு துணி உறையை எடுத்தாள். அவளே தைத்தது, சிவப்பு நூலில் ஓரம் கட்டியது. இரண்டு கையாலும் கிளியிடம் நீட்டினாள். கிளி, விதிப்படி தான் எதையும் வாங்கக் கூடாது என்று கைகூப்பி மறுத்துவிட்டாள்.

எனக்குக் கொடுத்திருந்தால் நானும்தான் வேண்டாம் என்றிருப்பேன் என்று நினைத்தாள் பட்டாசு. கொடுத்தால்தானே!

வியாழக்கிழமை மாலை வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

"உனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டான்னு சொல்லு."

"என்ன உளர்றீங்க?"

"புருஷனுக்கு ரெண்டு பெண்டாட்டி இருந்தா மூத்தவ இப்படித்தான் புலம்புவா. இங்க கட்சிக்காரிக்கு ரெண்டு பேர். வித்தியாசம் அவ்வளவுதான்."

"எனக்கொண்ணும் பொறாமை இல்ல."

"பொறாமைன்னு நான் சொல்லவே இல்லையே! வெங்காயத்தைப் பாத்து வெட்டு, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மொழிபெயர்ப்பாளர் ஏஜென்சிக்கு போன் போட்டாள். "சனிக்கிழமை சாட்சி ஒத்திகைக்கும் திங்கட்கிழமை கோர்ட்டுக்கும் வேற ஆள் அனுப்புங்க. கொஞ்சம் வயசானவங்களா, அனுபவம் உள்ளவங்களா இருக்கட்டும்."

"இப்ப வர்றவங்க மேல ஏதாவது புகாரா மேடம்?"

"புகாரெல்லாம் இல்ல. மாத்துங்க, அவ்வளவுதான்."

போனை வைத்தபோது வயிற்றிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பட்டாசின் அறைக்கு வந்தவர் கோட்டு போட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை, பாலிஷ் போட்ட செருப்பு. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம். நீங்க பேசுங்க, நான் உங்க நிழல் மாதிரி இருப்பேன்."

ஆகா, இதல்லவா மரியாதை! பட்டாசு தானே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தையல்காரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வழக்கமான சிரிப்போடுதான் திறந்தாள். கோட்டுக்காரரைக் கண்டதும் அது முகத்திலேயே உறைந்துவிட்டது. வாசலிலேயே நின்று என்னவோ கேட்டாள்.

"'அந்தப் பொண்ணு வரலையா'ன்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

குத்தியது. "அவங்களுக்கு இன்னிக்கு வேற வேலை. வர முடியலை" என்றாள் பட்டாசு கூசாமல்.

தையல்காரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, இரு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை நீதிபதி கேப்பாங்க. கை முறிஞ்ச அன்னிக்கு என்ன நடந்தது?"

கோட்டுக்காரர் கேட்டார். ஒரு வரிக் கேள்விக்கு அவர் ஐந்து வரி பேசினார். அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

"'மாடிப்படியில விழுந்துட்டேன்'ங்கறாங்க."

பட்டாசின் பேனா நின்றது. "ரெண்டாவது தடவை?"

"'அதுவும் விழுந்ததுதான். என் வீட்டுக்காரர் நல்லவர். எனக்கு வழக்கு வேண்டாம்'கறாங்க."

பட்டாசுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஓகோ! கிளி இல்லாவிட்டால் வாயே திறக்காதோ? ஆறு வாரமாக நான் எழுதிய மனு, நான் தேடிப்பிடித்த ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் குப்பை, அவள்தான் எல்லாமா? வீம்பு! சுத்த வீம்பு! சரி, வீம்புக்கு வீம்பு. அவள் கோப்பைப் புரட்டிக் காலியாக இருந்த ஒரு கட்டத்தைத் தட்டினாள்.

"சரி, இதையாவது சொல்லச் சொல்லுங்க. இப்ப அவங்களும் பிள்ளைங்களும் எந்த விலாசத்துல தங்கியிருக்காங்க?"

கேள்வி மொழிமாறிப் போனது. தையல்காரம்மா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கோட்டுக்காரர் இன்னொரு முறை கேட்டார், குரலைக் குழைத்துக்கொண்டு. அவள் இல்லை என்று தலையசைத்து ஏதோ முணுமுணுத்தாள்.

"'விலாசம் ஞாபகம் இல்ல'யாம்."

ஆறு வாரம் படுத்து எழுந்த இடம் ஒருத்திக்கு எப்படி மறக்கும்?

பட்டாசு அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள். வீம்பு பிடித்த முகமாக அது இல்லை. உதடு வெளுத்திருந்தது. கண் கோட்டுக்காரரின் கையில் இருந்தது. பட்டாசும் அங்கே பார்த்தாள். சின்ன நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. இதுவரை சொன்ன எதையும் அவர் எழுதவில்லை, பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பேனா மட்டும் மூடி கழற்றித் தயாராக இருந்தது.

பட்டாசு கோப்பை மூடினாள்.

"சார், இவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!" அவர் வாய் நிறையச் சிரித்தார். "இந்த ஊர்ல எங்க பாஷை பேசறவங்க முந்நூறு குடும்பம் இருந்தா அதிகம். யாருக்கு யாரைத் தெரியாது? இவ வீட்டுக்காரனும் நானும் ஒரே சங்கம். இவ கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்!"

"அஞ்சு வரி பேசினீங்களே, அதுல என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நல்ல வார்த்தை சொன்னேன். குடும்பம்னா முன்னப் பின்ன இருக்கும்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு, நான் சொன்னா அவன் கேப்பான்னு. பெரியவங்க சொல்றதுதானே?"

"எந்திரிங்க."

"மேடம்?"

"வெளியே போங்க. இப்பவே!"

கதவு சாத்தியபின் அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை. பட்டாசு மார்பில் கை வைத்து, "என் தப்பு, என் தப்பு" என்றாள். தையல்காரம்மா அவளைப் பார்த்த பார்வை, தெரியாத தெருவில் தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

வேறு வழியில்லை. பட்டாசு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா" என்றாள் கிளி.

"ஒரு சிக்கல். ஏஜென்சிக்காரங்க ஆளை மாத்தித் தொலைச்சுட்டாங்க. யாரோ புருஷனுக்கு வேண்டப்பட்டவன் வந்துட்டான்."

"அப்படியா? எனக்குக்கூட நேத்து திடீர்னு வர வேண்டாம்னாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சுட்டே இருந்தேன்." கிளியின் குரல் பதறியது. "அவங்க பயந்திருப்பாங்க அக்கா. ஸ்பீக்கர்ல போடுங்க, பேசலாம். திங்கட்கிழமை நான் வந்துடறேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நிம்மதி வேறு. அந்த நிம்மதிக்கு ஆயுள் சரியாக இரண்டு நாள்.

திங்கட்கிழமை. மூன்றாம் எண் நீதிமன்ற அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். புருஷன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான். தையல்காரம்மா சாட்சிக் கூண்டில் நின்றாள். பக்கத்தில் அரை அடி பின்னால் கிளி. முறிந்த கையைப் பற்றி அவள் சொன்னபோது யாரும் இருமக்கூட இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார். அவர் மெதுவாக எழுந்தாலே பட்டாசுக்கு ஆகாது.

"அம்மா, ரெண்டே கேள்வி. போன சனிக்கிழமை உங்க வக்கீல் அறையில, மாடிப்படியில விழுந்தேன், என் வீட்டுக்காரர் நல்லவர்னு சொன்னீங்களா இல்லையா?"

கிளி அதைச் சொல்லி முடித்ததும் தையல்காரம்மாவின் கை கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தது.

"'சொன்னேன்'" என்றாள் கிளி. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"அன்னிக்கு இருந்தது வேற மொழிபெயர்ப்பாளர். சரிதானே?" அவர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இதுல ஒளிவுமறைவே இல்ல. இதோ நிக்கிற இந்தப் பொண்ணுதான் ஆறு வாரமா இவங்களுக்குக் கதை சொல்லிக் குடுத்தது. அது பிடிக்காமதான் கட்சிக்காரங்க ஆளை மாத்தியிருக்காங்க. நடுநிலையான ஒருத்தர் வந்ததும் உண்மை வெளியே வந்தது. இன்னிக்கு மறுபடி இந்தப் பொண்ணு, மறுபடி பழைய கதை."

நீதிபதியின் பேனா தாளில் நகர்ந்தது. அந்தப் பேனா எழுதியது நம் பக்கம் இல்லை என்று பதினோரு வருட அனுபவம் பட்டாசுக்குச் சொன்னது.

அவள் துள்ளி எழுந்தாள். "அந்த அறையில இருந்தது மூணு பேர், அம்மா. நான் சொல்லலை, என் கட்சிக்காரி சொல்லலை. அப்ப இந்தப் பேச்சு இவருக்கு எப்படித் தெரிஞ்சது? அந்த மொழிபெயர்ப்பாளர் பிரதிவாதியோட ஒரே சங்கத்துல இருக்கறவர். ரகசியம் காக்க வேண்டியவர் நேரா அங்க போய்ச் சொல்லியிருக்கார்."

"அது கவனிக்க வேண்டியதுதான்." நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆனா முதல் மொழிபெயர்ப்பாளரை மாத்தச் சொன்னது யாரு? ஏன்? கதை சொல்லிக் குடுத்தாங்கன்னு கட்சிக்காரங்களே மாத்தியிருந்தா, நான் அவங்க சாட்சியத்தையே வேற மாதிரிப் பாக்கணும்."

ஏஜென்சி மாற்றியது. இரண்டே சொல். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஆனால் ஏஜென்சியில் கேட்டால் வெள்ளிக்கிழமை ஒன்பது மணி போன் வெளியே வரும். வந்தால் அவள் சொன்ன எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு முடிந்தது, பிள்ளைகள் அவனோடு.

"நான்தான் மாத்தச் சொன்னேன், அம்மா."

"காரணம்?"

பின்வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மையத்தின் நாலு வக்கீல்கள். எதிரில் கிளி.

"கட்சிக்காரிக்கு இதுல சம்பந்தமே இல்ல. மொழிபெயர்ப்பாளர் மேலயும் குறை இல்ல. எனக்குப் பொறாமை. என் கட்சிக்காரி என்னை விட அவங்களை நம்பறாங்கன்னு பொறாமை. அதனால அவங்களை அனுப்பிட்டு, வந்தவர் யாரு என்னன்னு ஒரு கேள்விகூடக் கேக்காம உக்கார வெச்சேன். கேக்கணும்னு அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சொல்லிக் குடுத்தாங்க. பாடம் நடத்தினதும் இவங்கதான்."

கிளி விழிக்கவில்லை, விக்கவில்லை. தையல்காரம்மாவின் காதோரம் சாய்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக, ஒன்றையும் குறைக்காமல் அவள் மொழியில் சொல்லிக்கொண்டே போனாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது. கேட்கக் கேட்கத் தையல்காரம்மாவின் கண் பட்டாசின் பக்கம் திரும்பியது. திரும்பி, அங்கேயே நின்றது.

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு படித்தார். தடை நிரந்தரம். வீடும் பிள்ளைகளும் தாய்க்கு. கோட்டுக்காரர் மேல் தனி விசாரணை. கடைசியாக, "வக்கீலம்மா, உங்க மேல மையத்துக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

"எழுதுங்க அம்மா" என்றாள் பட்டாசு.

தாழ்வாரத்தில் கிளி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்சி மாத்திட்டாங்கன்னு சொன்னீங்க."

"பொய்."

"ரெண்டு நாள் தூங்கலை அக்கா நான். என்ன தப்பு பண்ணினேன்னு."

"தெரியும். திட்டு."

"திட்டறதுன்னா நாலு மொழியில திட்டுவேன். இப்ப நேரமில்ல, அடுத்த கேசு இருக்கு." கிளி பையைத் தோளில் மாட்டினாள். சிரிக்கவில்லை. "நிதானமா ஒரு நாள் வந்து திட்டறேன்."

ஆகவே தையல்காரம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேலை பட்டாசுடையது ஆயிற்று. பூட்டு மாற்றுகிறவன் அங்கே காத்திருந்தான். காரில் அவர்கள் இருவர் மட்டும். நடுவில் யாரும் இல்லை! இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே?

தையல்காரம்மா பேசினாள். உத்தரவின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டாசின் முகத்தையே பார்த்துப் பேசினாள். குரல் உயர்ந்தது, தழுதழுத்தது. நன்றி சொல்கிறாள் என்று பட்டாசின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்துத் தலையாட்டினாள். அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். "ஆமா, இனிமே எங்க வேணா பயமில்லாம போகலாம்" என்று இவள் தலையாட்டினாள். அவள் இவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்பின் மிகுதி என்று நினைத்தவளுக்கு, அடுத்த சிக்னலில்தான் ஏதோ உறைத்தது. இத்தனை நன்றியை எந்த மனுஷியும் இவ்வளவு கோபமாகச் சொல்ல மாட்டாள்.

ஓரமாக நிறுத்தி, ஸ்பீக்கரில் போன் போட்டாள். கிளி எடுத்தாள். தையல்காரம்மா போனைப் பிடுங்காத குறையாகப் பொரிந்து தள்ளினாள்.

கிளியின் குரல் நிதானமாக வந்தது. "'பத்து நிமிஷமா ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்றேன். அவங்ககிட்ட இருக்கற பழைய உத்தரவு இன்னிக்கோட முடிஞ்சுது. புதுசைக் காட்டலைன்னா, மூணு மணிக்கு அவர் வந்து நின்னா பிள்ளைங்களைக் குடுத்துடுவாங்க. நீங்க சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டறீங்க.'"

மணி இரண்டு முப்பத்தெட்டு.

பட்டாசு திரும்பினாள். போனைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கங்க. எந்தப் பக்கம்?"

கிளி அதைச் சொன்னதும் தையல்காரம்மா கோணல் மணிக்கட்டை நீட்டி இடதுபுறம் காட்டினாள். வண்டி டயர் தேயத் திரும்பியது.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குப் பள்ளி வாசல். எதிர்ச்சுவரில் சாய்ந்து வெள்ளைச் சட்டை நின்றிருந்தது. தையல்காரம்மா அவனைப் பார்த்தாள். நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு தாளை நெஞ்சோடு பிடித்தபடி அவனைத் தாண்டி நேராக உள்ளே போனாள். பட்டாசு ஒட்டிக்கொண்டே போனாள், போனைக் காரிலேயே மறந்துவிட்டு.

அலுவலக அம்மா உத்தரவை இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தினார். ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்து, காவலாளியைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். காவலாளி வாசலுக்குப் போனான். வெள்ளைச் சட்டை சற்று நேரம் வாதாடியது, அப்புறம் தெருமுனை திரும்பி மறைந்தது.

தையல்காரம்மா பெருமூச்சு விட்டு, பட்டாசைப் பார்த்து ஏதோ சொன்னாள். கிளியாக இருந்தால் இந்நேரம் புரிந்திருக்கும் என்று உள்ளுக்குள் பழைய முள் ஒன்று நறுக்கென்று குத்தத்தான் செய்தது. பட்டாசு தலையாட்டவில்லை.

"புரியலை" என்று கையை விரித்தாள்.

தையல்காரம்மா மறுபடி, மெதுவாகச் சொன்னாள். சுவரோரம் கிடந்த பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அதில் முக்கால்வாசி இடத்தை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

பட்டாசு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்தது.